சுற்றுக்கட்டிலும் வேளார் கையும்

போன மாதம், ஓய்வுக்குப் பிறகும் நான் தங்கியிருக்கிற நர்ஸ் விடுதியில் டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருந்தோம். வானவெளிக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சியைக் காட்டினார்கள். நீளமான இரும்புக் கை ஒன்று, அதன் முனையில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு ஆள். இரும்புக் கை சுற்றச் சுற்ற அவனுடைய கன்னமெல்லாம் காதுப்பக்கம் இழுபட்டுப் போயிற்று. படிக்க வந்திருக்கிற பெண்பிள்ளைகள் "அய்யோ" என்று கத்தினார்கள். ஒருத்தி என்னிடம், "சிஸ்டர், மனுஷன் இத எப்படித் தாங்குவான்?" என்று கேட்டாள்.

"ஏன் தாங்கமாட்டான்? நான் அதுக்க நடுவுல உக்காந்து நாடி பிடிச்சிருக்கேன்" என்றேன்.

அவ்வளவுதான், ஒரே சிரிப்பு. கிழவிக்கு வயசாகிவிட்டது, ஏதோ உளறுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஓய்வு பெற்றபோதே இதையெல்லாம் எழுதுங்கள் என்று பலர் சொன்னார்கள். எனக்கு எதற்கு அந்த வேலை என்று இருந்துவிட்டேன். இப்போது இந்தச் சிரிப்புக்காகவே எழுதுகிறேன்.

என் அப்பா தக்கலைப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். நாங்கள் அப்போது திருவிதாங்கூர் ராஜாவின் பிரஜைகள். இருபதுகளின் கடைசியில் நாகர்கோவிலுக்கு மேற்கே ஒரு ஆசுபத்திரியில் என்னை நர்ஸ் படிப்புக்குச் சேர்த்தார்கள். படிப்பு என்றால் முதலில் துணி வேகவைப்பது, அப்புறம் தரை கழுவுவது, அப்புறம் மறுபடியும் துணி வேகவைப்பது. நாடி பிடிக்க விடுவதற்குள் என் கை இரண்டும் சோடாக் காரத்தில் வெந்து தோல் உரிந்துவிட்டது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, நாடி என்று வந்தபிறகு என்னை மிஞ்ச அங்கே ஆளில்லை. மற்றவர்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் எண்ணி முடித்திருப்பேன்.

எங்கள் பெரிய டாக்டர் மாசிலாமணி உள்ளூர்க்காரர். முதல் மகாயுத்தத்தில் விமானம் ஓட்டுகிறவர்களின் முகாமில் வைத்தியம் பார்த்துவிட்டு வந்தவர். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் "தொடட்டா மக்கா?" என்று கேட்பார். யாராக இருந்தாலும் கேட்பார். எதிரே வந்தால் ஒதுங்கி நிற்கவேண்டும் என்று ஊர் வைத்திருந்த சாதி ஆட்களிடமும் அதே கேள்விதான். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் நெஞ்சில் வைப்பார். இதெல்லாம் எல்லோருக்கும் பிடித்தது. பிடிக்காதது ஒன்று உண்டு. நோய் என்னவென்று பிடிபடாவிட்டால், சொந்தக்காரர்கள் சுற்றி நிற்கும்போதே, "எனக்குத் தெரியாது" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்வார். அவர்கள் ஆடிப்போவார்கள். நான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "கொஞ்சம் பைய சொல்லப்படாதா டாக்டர்?" என்று கேட்டேன்.

"பைய சொன்னா எனக்கே மறந்து போவும் எஸ்தரு. சத்தமா சொன்னாத்தான் போய்ப் படிப்பேன்" என்றார்.

நான் நடுவில் உட்கார்ந்து நாடி பிடித்த அந்தச் சுற்றுக்கட்டிலின் கதை அப்படியொரு "தெரியாது"வில்தான் தொடங்கியது. ஒரு மழைக்காலத்தில் குளத்தில் மூழ்கிய ஒருவரை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வரும்போதே உயிர் இல்லை. கூட வந்த அண்ணன், "வேளார் சக்கரத்தில போட்டுச் சுத்தினோம் டாக்டரே. குடிச்ச வெள்ளமெல்லாம் வெளிய வந்துட்டு. பொறவும் எந்திரிக்கல்ல" என்று அழுதார்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. தண்ணீரில் மூழ்கியவரைக் கரையேற்றியதும் குயவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பானை வனையும் சக்கரத்தில் வயிறு நடுவில் வரும்படி குப்புறப் போட்டு, தலை ஒரு பக்கமும் கால் மறுபக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, வேகமாகச் சுற்றுவார்கள். வாய்வழியாகத் தண்ணீர் கொட்டும். சிலர் பிழைத்து எழுந்து நடந்தும் போயிருக்கிறார்கள். அதனால் அந்தச் சக்கரத்துக்கு ஊரில் தனி மரியாதை.

புத்தகத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. கரையிலேயே குப்புறக் கிடத்தி, முதுகில் விலா எலும்புக்குக் கீழே இரண்டு கையையும் வைத்து, அமுக்கி அமுக்கி விடவேண்டும். அமுக்கினால் மூச்சு வெளியே போகும், விட்டால் உள்ளே வரும். இப்போது வாயோடு வாய் வைத்து ஊதச் சொல்லிக்கொடுக்கிறோம். அன்றைக்கு இதுதான் வழி. ஆனால் கரையில் யார் கிடத்த விட்டார்கள்? எல்லோரும் சக்கரத்துக்கல்லவா ஓடினார்கள்.

டாக்டர் அந்த அண்ணனை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர்கள் போனபிறகு என்னிடம், "வெள்ளம் வெளிய வந்திருக்கு, உயிரு வரல்ல. வேற சிலபேருக்கு வந்திருக்கு. அந்தச் சக்கரம் ஒடம்ப என்னதான் செய்யுது? எனக்குத் தெரியாது" என்றார். மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு அந்தக் குயவர் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்.

இசக்கிமுத்து வேளார் மெலிந்த ஆள். கை மட்டும் வேறு யாருடையதையோ வாங்கி மாட்டியதுபோல அகலமாக இருக்கும். எடுத்த எடுப்பில் அவர் எங்களை நம்பவில்லை.

"சக்கரத்த நிறுத்தச் சொல்லி வந்தீரா டாக்டரே?"

"இல்ல வேளாரே. என்னய அதுல போட்டுச் சுத்தும்."

வேளார் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். டாக்டர் சட்டையைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டார். வேளார் கோலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். இறங்கி நிற்க முடியாமல் டாக்டர் பூவரச மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். எடுத்து முடித்ததும் பிள்ளைபோலச் சிரித்தார். "விமானக்காரன் சட்டுன்னு திருப்பினா கண்ணு இருட்டுதும்பான், எஸ்தரு. எனக்கு இப்ப மொகம் கனக்குது. ரெண்டும் ஒண்ணுதான். சுத்துனா ரத்தம் வெளிப்பக்கம் ஓடுது. அவனுக்குக் காலுக்கு ஓடிச்சு, எனக்குத் தலைக்கு."

அதற்குமேல் அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஆசுபத்திரி வண்டிக்கொட்டகைக்குப் பின்னால் ஓட்டை வண்டி ஒன்று கிடந்தது. அதன் அச்சைத் தரையில் செங்குத்தாக நட்டு, சக்கரத்தை அதன்மேல் படுக்கைவசமாக மாட்டினார்கள். சக்கரத்தின்மேல் நீளமான அயினி மரப் பலகை. பலகையின் ஒரு பக்கம் கட்டில், மறுபக்கம் கட்டிலில் கிடக்கும் ஆளின் எடைக்குச் சரியாக மணல் மூட்டை. மூட்டை குறைந்தால் பலகை ஆடி அச்சு கிரீச்சிடும். அதனால் ஒவ்வொரு ஆளையும் முதலில் தராசில் ஏற்றித்தான் கட்டிலில் ஏற்றுவோம். இன்னொரு வண்டிச்சக்கரத்துக்குக் கைப்பிடி வைத்து, இரண்டுக்கும் வடம் மாட்டி, தோட்டத்து ஆட்கள் இரண்டுபேர் சுற்றுவார்கள். வார்டில் இருந்தவர்கள் அதற்குச் சுத்துகட்டில் என்று பெயர் வைத்தார்கள். டாக்டருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றும் பேசிக்கொண்டார்கள்.

சுற்றும்போது நாடி பார்க்க ஒரு ஆள் கூடவே சுற்றவேண்டும். அதற்கு நட்டநடுவில் ஒரு முக்காலி. டாக்டர் உட்கார்ந்து பார்த்தார், தலை கிறுகிறுத்துவிட்டது. கம்பவுண்டர் உட்கார்ந்தார், இரண்டு நாள் லீவு போட்டார். எனக்கு மட்டும் ஏனோ தலை சுற்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, படுத்திருக்கிறவரின் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு, "இருக்கு... இருக்கு... இருக்கு..." என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். நாடி இளைத்தால் "மெலியுது" என்பேன். "நிறுத்து" என்றால் உடனே நிறுத்தவேண்டும். வெறும் வயிறாக இருக்கவேண்டும், வெற்றிலை வாயில் இருக்கக்கூடாது, நெஞ்சுக்கும் தொடைக்கும் துணிப்பட்டை கட்டவேண்டும். இவ்வளவும் டாக்டர் வைத்த விதிகள். அவற்றை முதலில் மீறப்பார்த்தவரும் அவர்தான்.

அன்று அவரே கட்டிலில் கிடந்தார். தலை நடுவில், கால் வெளியே. வேகம் ஏறியது. "கண்ணுல சாம்பல் பூசின மாதிரி இருக்கு... ஓரமெல்லாம் இருட்டுது... இன்னும் சுத்து" என்றார். என் விரலுக்கடியில் நாடி கரைந்துகொண்டே வந்தது. "நிறுத்து!" என்று கத்தினேன். "நிறுத்தாத, சுத்து!" என்றார் அவர். தோட்டக்காரர்கள் என் பேச்சைத்தான் கேட்டார்கள். நின்றதும் கொஞ்சநேரம் அசையாமல் கிடந்துவிட்டு, "நான் பெரியவனா, நீ பெரியவளா?" என்று கேட்டார்.

"நாடி எனக்க கையில இருக்கு. இப்ப நான்தான் பெரியவ" என்றேன்.

அதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் மனிதர். வேறு டாக்டராக இருந்தால் அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

யார் யாரோ ஏறினார்கள். குளச்சலிலிருந்து தம்பிக்குத் துணையாக வந்திருந்த மீன்காரர் ஒருவர் இறங்கியதும், "எனக்க கட்டுமரத்தில ஒருநா ஏறிப்பாரும் டாக்டரே. இது தொட்டில்லா!" என்றார். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் தெளிந்தது. கால் வெளியே இருந்தால் ரத்தம் காலுக்கு இறங்கி, முகம் வெளுத்து, நாடி தேய்ந்து, ஆள் மயங்குகிறார். அதே ஆளின் காலை அடியிலிருந்து தொடைவரை துணியால் இறுக்கிச் சுற்றி, வயிற்றையும் இறுக்கினால் அதே வேகத்தை நன்றாகத் தாங்குகிறார். தலை வெளியே இருந்தால் முகம் சிவந்து கனக்கிறது. கட்டிலை நடுவுக்கு நகர்த்தி, வேளார் சக்கரத்தில் போடுவதுபோல வயிறு நடுவில் வரும்படி கிடத்தினால் ரத்தம் இரண்டு பக்கமும் ஓடி, நடுவில் இருக்கிற நெஞ்சுக்குப் போதாமல் நாடி படபடவென்று மெலிந்துபோகிறது. மூச்சுக்கு அதனால் எந்த உதவியும் இல்லை. வெளியே வருகிற தண்ணீரும் வயிற்றுத் தண்ணீர்தான்.

இதையெல்லாம் இசக்கிமுத்து வேளார் அடிக்கடி வந்து பார்த்துக்கொண்டிருந்தார். வடம் நழுவினால் மாட்டிக்கூடக் கொடுப்பார். டாக்டர் ஒருநாள் அவரை உட்காரவைத்து உள்ளதைச் சொன்னார். வேளார் முகம் கறுத்துவிட்டது.

"அப்ப, நான் சுத்திச் சுத்திக் கொன்னேன்னு சொல்லுதீரா?"

"அப்படிச் சொல்லல்ல வேளாரே."

"எனக்க சக்கரத்திலேந்து எந்திரிச்சு நடந்து போனவன் இருக்கான். புள்ளகுட்டி பெத்து ஊருக்குள்ள இருக்கான். அவன் எப்படிப் பொழச்சான்? சொல்லும்."

"எனக்குத் தெரியாது" என்றார் டாக்டர்.

வேளார் தோளில் கிடந்த துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் வரவே இல்லை. டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதரின் மனதைப் புண்படுத்தியது ஒருபக்கம். பதில் சொல்ல முடியாமல் போனது அதைவிடப் பெரிய பக்கம். எனக்கும் பாவமாக இருந்தது. இவருக்கு ஒரு பொய்யாவது சொல்லத் தெரிகிறதா என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து வேளாரே வந்து வாசலில் நின்றார்.

"டாக்டரே, அன்னைக்கு நீரு படுத்தப்போ நான் சும்மா சுத்திவிட்டேன். உசிருள்ள ஆளு, பிடிச்சுக்கிடுவீருன்னு. வெள்ளத்தில போனவனுக்கு நான் செய்யது வேற. வாரும், அதே மாதிரி செஞ்சு காட்டுதேன். பொறவு சொல்லும், குத்தம் இருக்கா இல்லையான்னு."

போனோம். டாக்டர் பிணம்போலக் கைகாலைத் தளரவிட்டுச் சக்கரத்தில் குப்புறக் கிடந்தார். வேளாரின் தம்பியும் மச்சானும் இரண்டு பக்கமும் நின்று விளிம்பைத் தள்ளிவிட, சக்கரம் சுற்றியது. தளர்ந்த உடம்பு நடுவை விட்டு நழுவப் பார்த்தது. உடனே வேளார் குனிந்து, மண்ணை நடுவில் நிலைநிறுத்த அமுக்குவாரே அதேபோல, இரண்டு உள்ளங்கையையும் டாக்டரின் முதுகில் வைத்து அமுக்கினார். அமுக்கியே வைத்திருந்தால் சக்கரம் நின்றுவிடும். அதனால் கையை எடுத்தார். மறுபடி நழுவியது, மறுபடி அமுக்கினார். அமுக்கும்போதெல்லாம் டாக்டரின் வாயிலிருந்து "ஹுக்" என்று காற்று வந்தது.

அது எங்கள் புத்தகத்தில் இருந்த கை. அதே இடம், அதே தாளம்.

"டாக்டர்! மூச்சு!" என்று கத்தினேன்.

"நிறுத்தும்" என்றார் டாக்டர், கிடந்தபடியே. "வேளாரே, சக்கரம் வேண்டாம். கையை மட்டும் அப்படியே போடும்." வேளார் ஒன்றும் புரியாமல் அமுக்கினார். "ஹுக்" என்றது. எடுத்தார். டாக்டரின் முதுகு தானாக உயர்ந்தது. டாக்டர் எழுந்து வேளாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பொழச்சவன் இதனாலதான் பொழச்சான். உம்ம கைதான் அவனுக்கு மூச்சு குடுத்துது. சக்கரம் அதுக்குத் தடைதான் செஞ்சுது. குளத்தங்கரையிலயே இந்தக் கை பட்டிருந்தா இன்னும் எத்தன பேரு இருந்திருப்பான்!"

வேளார் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீரு சொல்லிட்டுப் போயிருவீரு. நான் இந்த ஊருல இருக்கணும். சக்கரத்தில போடாம கரையில வச்சு அமுக்கி, அந்த உயிரு போச்சுன்னா? இசக்கிமுத்து சக்கரத்த மறுத்துக் கொன்னுட்டான்னுதான் சொல்லுவான். எனக்க குடும்பத்த இங்கின இருக்க விடுவானா?"

டாக்டர் நெஞ்சில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த ஐப்பசி மழையில் குளம் கரைமுட்ட நின்றது. அந்த ஊரில் பிரசவமான ஒருத்தியைப் பார்க்கப் போயிருந்தேன். வேளார் வீட்டைக் கடந்துதான் போனேன். கார்த்திகை விளக்குக்கு அகல் வனைந்துகொண்டிருந்தார். சக்கரம் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளையைப் பார்த்துவிட்டுக் குளத்தங்கரை வழியாகத் திரும்பும்போது எதிரே ஒரே கூச்சல். நாலைந்துபேர் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். தலை தொங்கிக்கொண்டிருந்தது.

பெண் பெயர் பொன்னம்மை. கைப்பிள்ளைக்காரி. துணி துவைக்கப் போனவள், மிதந்துபோன குடத்தை எட்டிப் பிடிக்கப்போய் படியில் வழுக்கி ஆழத்துக்குப் போய்விட்டாள். தலைமாட்டைத் தாங்கிக்கொண்டு ஓடிவந்தது அவள் புருஷன் தாணு.

"இங்கினயே கிடத்துங்க! கிடத்துங்க!" என்று குறுக்கே போய் விழுந்தேன்.

"நர்ஸம்மா, உம்ம காலைப் பிடிக்கேன், வழிய விடும்! சக்கரத்துக்குக் கொண்டு போணும்!" தாணு என்னைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினான். வேளார் வீடு குளத்தின் அந்தக் கோடியில். அங்கே போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கூச்சலைக் கேட்டு எதிரே வேளார் வந்துகொண்டிருந்தார், கையெல்லாம் மண்ணோடு.

"வேளாரே, சக்கரம்! சக்கரத்தில உள்ள மண்ண எடுத்து ஒழிச்சு வையும்!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

வேளார் நின்றார். என்னைப் பார்த்தார். பொன்னம்மையின் நீலம் பாய்ந்த முகத்தைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கரையை மறித்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்தார்.

"சக்கரம் இல்ல! அச்சு முறிஞ்சு போச்சு. காலம்பறயே முறிஞ்சு போச்சு. ஏலே, பாத்துட்டு நிக்காதீங்க, இங்கினயே கிடத்துங்க!"

நான் திகைத்துப்போனேன். ஆனால் தூக்கி வந்தவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. அந்த இடத்திலேயே, ஈரமண்ணில், குப்புறக் கிடத்தினார்கள். நான் வாயில் விரலைவிட்டுப் பாசியை வழித்து முகத்தைத் திருப்பிவைத்தேன். வேளார் மண்டிபோட்டு முதுகில் கையை வைத்தார்.

அமுக்கினார், விட்டார். அமுக்கினார், விட்டார். வாயிலிருந்து கொஞ்சம் தண்ணீர் வந்தது, மூச்சு வரவில்லை. நான் கழுத்தில் விரலை வைத்துத் தேடினேன். இருக்கிறதா இல்லையா என்று சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாத ஒரு துடிப்பு.

"பிள்ளே, நாடி?"

"இருக்கு" என்றேன். அவர் கை நிற்கக்கூடாதே என்ற பயத்தில் சொன்னேன்.

வேளாருக்கு மூச்சு வாங்கியபோது நான் அமுக்கினேன். எனக்கு வாங்கியபோது அவர். கூட்டம் சேர்ந்துவிட்டது. பெண்கள் நெஞ்சிலடித்துக்கொண்டு ஒப்பாரியே தொடங்கிவிட்டார்கள். "போன சவத்தப் போட்டு ஏன்வே இந்தப் பாடு படுத்துதீரு?" என்று ஒருவர் வேளாரின் தோளைப் பிடித்து இழுத்தார். "அடுத்த ஊரு சக்கரத்துக்காவது கொண்டு போவும்" என்றார் இன்னொருவர். தாணு அழக்கூட இல்லை. மனைவியின் கால்மாட்டில் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்தப் பெண் போய்விட்டால் வேளாரின் பொய் இன்றைக்கே வெளியே வந்துவிடும், அவர் குடும்பம் இந்த ஊரில் இருக்காது. இனிமேல் மூழ்கிய ஒருவரையும் யாரும் கரையில் கிடத்தமாட்டார்கள். ஆண்டவரே, ஆண்டவரே என்று அடித்துக்கொண்டது மனது. வேளார் எதையும் காதில் வாங்கவில்லை. வியர்வை மூக்குநுனியில் சொட்டச் சொட்ட, ஒரே தாளத்தில், அமுக்கினார், விட்டார்.

அப்போது பொன்னம்மை இருமினாள்.

ஒருமுறை. பிறகு நெஞ்சே பிய்ந்துபோகிற மாதிரி தொடர்ந்து. இழுத்து ஒரு மூச்சு வாங்கினாள். நான் என்னையறியாமல் "யம்மா!" என்று அலறிவிட்டேன்.

அந்த நிமிஷத்தில்தான் எல்லாம் கெடப்பார்த்தது. மாமியாரும் மற்ற பெண்களும் பாய்ந்து வந்து, "எனக்க மக்கா!" என்று அவளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டார்கள். மயக்கம் தெளிகிறவர்களை உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றுவது எங்கள் ஊர்ப் பழக்கம். உட்காரவைத்ததும் அவள் உதடு வெளுத்தது, கண் மேலே செருகியது. என் விரலுக்கடியில் நாடி கரைந்தது. அது எனக்குத் தெரிந்த கரைதல். சுத்துகட்டிலில் எத்தனையோ முறை, காலுக்கு ரத்தம் இறங்கும்போது, இதே விரலில் பார்த்தது.

"நிறுத்து!" என்று கத்தினேன், தோட்டக்காரர்களிடம் கத்துவதுபோலவே. "கையை எடுங்கட்டி எல்லாரும்! படுக்க வையுங்க! வேளாரே, காலைத் தூக்கும்!"

வேளார் அவள் கால் இரண்டையும் தன் மடியில் தூக்கிவைத்துக்கொண்டார். அங்கே நின்றவர்களின் தலைத்துண்டையெல்லாம் பிடுங்கி, பாதத்திலிருந்து தொடைவரை இறுக்கிச் சுற்றினேன். யாருடைய துண்டு, என்ன சாதித் துண்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. விரலுக்கடியில் நாடி ஒன்று வந்தது, இன்னொன்று வந்தது. நிலைத்தது. "இருக்கு" என்றேன். இந்தத் தடவை சத்தியமாகச் சொன்னேன். "இருக்கு... இருக்கு... இருக்கு..." சொல்லிக்கொண்டே அழுதுவிட்டேன்.

பக்கத்து வீட்டிலிருந்து எடுத்துவந்த கட்டிலில் கிடத்தி, கால்மாட்டை உயர்த்தி, கட்டிலோடு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். "பொழச்சுக்கிடுவாளா டாக்டரே?" என்று தாணு கேட்டான். "எனக்குத் தெரியாது" என்றார் டாக்டர் வழக்கம்போல உரக்க. பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, அவன் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்து, "ஆனா எனக்கு நல்ல நம்பிக்க இருக்கு மக்கா" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் கண்டு, பாடுபட்டுத்தான் தேறினாள் பொன்னம்மை. பிள்ளைக்குப் பால் கொடுக்கவேண்டும், கொண்டுவாருங்கள் என்று ஒருநாள் காலையில் சண்டை பிடித்தாள். அன்றைக்கு எங்கள் வார்டே கல்யாண வீடுபோல இருந்தது.

அதற்குப் பிறகு டாக்டரும் வேளாரும் ஊர் ஊராகக் குளத்தங்கரைகளில் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். டாக்டர் பேசுவார், வேளார் கையை வைத்துக் காட்டுவார். டாக்டர் பேச்சை யார் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. சக்கரம் வைத்திருக்கிற வேளாரே சக்கரம் வேண்டாம் என்றபிறகு ஜனங்கள் கேட்டார்கள். சுத்துகட்டிலை மழையும் கரையானும் தின்றுவிட்டன. ரத்தம் போய் மயங்கிக் கிடக்கிற பிரசவக்காரிகளுக்குக் காலை உயர்த்தி இறுக்கிச் சுற்றுவதை, ஓய்வு பெறும்வரை நான் விடவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளையும் விட விடவில்லை.

இதற்கெல்லாம் முன்னால், பொன்னம்மை தேறி வீடு திரும்பிய வாரத்தில் அவளைப் பார்க்க அந்த ஊருக்குப் போனேன். தாணு முற்றத்தில் புளியங்கட்டை ஒன்றைச் செதுக்கி இழைத்து வழவழவென்று ஆக்கி வைத்திருந்தான். வேளாரின் சக்கரத்துக்கு அச்சாம். "எனக்க வீட்டுக்காரி உயிர மீட்டுத் தந்த மனுசன். அச்சு முறிஞ்சு கிடந்தா பானைக்கு என்ன செய்வாரு? அதான் நானே இருந்து செஞ்சேன். நீங்களும் வாங்க நர்ஸம்மா, குடுத்துட்டு வருவோம்" என்றான். எனக்குத் திக்கென்றது. அச்சு முறியவே இல்லை என்று நான் எப்படிச் சொல்வது? அவன் பின்னாலேயே நடந்தேன்.

வேளார் சக்கரத்தின் முன்னால் குந்தியிருந்தார். சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. நடுவில் பானை ஒன்று அவர் கையில் எழும்பிக்கொண்டிருந்தது.

தாணு அப்படியே நின்றுவிட்டான். கட்டையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"வேளாரே, அச்சு முறிஞ்சு போச்சுன்னு சொன்னீரே?"

"முறிஞ்சுதான் இருந்துது" என்றார் வேளார், நிமிராமல்.

"பொறவு எப்ப செரியாச்சு?"

"உனக்க பெஞ்சாதி இருமினாள்லா? அப்ப."

தாணு கட்டையை மெல்லக் கீழே வைத்தான். பிறகு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, குளத்தங்கரையில் அழாததையெல்லாம் சேர்த்துவைத்து, வாய்விட்டு அழுதான். வேளார் சக்கரத்தை நிறுத்தாமல் பானையின் கழுத்தை வளைத்துக்கொண்டிருந்தார்.